கிட்னி தேறுகிறது, கால் ஏன் தேறுவதில்லை?

கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஸ்க்ரப் டைபஸ் என்ற, சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சலில் கிட்னி பாதிக்கிறது. சிறுநீர் நன்றாகப் பிரிந்து, கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் இறங்கியதும் டிஸ்சார்ஜ். பஸ்ஸை விட்டு இறங்கி லைன் வீட்டுக்கு ஏறினால் பத்தாவது படியில் முழங்கால் மடங்குகிறது. அந்தக் கால் வார்டிலேயே போய்விட்டது. ஐசியூவில் 10 நாள் படுத்தால் தொடைத் தசை ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம்.

கஞ்சி மட்டும்

வார்டில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் விடாமல் செய்யும் தவறுகளில் முதலாவது இது. மகள் அவித்துக் கொண்டுவரும் முட்டையை, "கிட்னி கேஸ்ம்மா, கூடாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். புரதக் கட்டுப்பாடு, வீட்டில் நிலையாக இருக்கும் நாள்பட்ட கிட்னி நோயாளிக்கானது. திடீர்ப் பாதிப்பில் காய்ச்சலும், ரத்தத்தில் ஏறும் அமிலமும், சரியாக வேலை செய்யாத இன்சுலினும் சேர்ந்து ஏற்கெனவே தசையைக் கரைத்துக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தில் யூரியா (புரதம் உடைந்து வரும் கழிவு) ஏறுகிறதே என்று பருப்பை நிறுத்தினால், கரைகிற தசையிலிருந்தே யூரியா வரும்.

கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச கிட்னி அமைப்பின் 2012 வழிகாட்டுதல்படி, டயாலிசிஸ் இல்லாமல், தசை வேகமாகக் கரையாமல் இருப்பவருக்கு நாளுக்கு, எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் புரதம். டயாலிசிஸில் இருப்பவருக்கு 1 முதல் 1.5 கிராம், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. 50 கிலோ ஆளுக்கு டயாலிசிஸ் நாட்களில் 50 முதல் 75 கிராம் வேண்டும். மூன்று வேளை அரிசிக் கஞ்சியில் 15 கிராம் தேறினாலே அதிகம். ஒரு முட்டை 6 கிராம். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறியிருந்தால் வெள்ளைக்கரு மட்டும். கிலோவுக்கு 20 முதல் 30 கலோரியும் போகவேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த புரதம் எரிபொருளாகிவிடும். பொட்டாசியம் ஏறியிருந்தால் நிறுத்த வேண்டியவை இளநீரும் பழச்சாறும்தான்.

எடையை நம்புவது

வீக்கத்து நீர் தசை இழப்பை மறைக்கும். நீர் வடிந்தபின் நிறுத்துப் பாருங்கள்.

கிரியேட்டினினை மட்டும் பார்ப்பது

அது தசையிலிருந்து வருவது. தசை குறைந்தாலும் இறங்கும்.

குளிருக்குப் போர்த்திப் படுக்கவிடுவது

ஊட்டிக் குளிரில் இரண்டு கம்பளிக்குள் நாள் முழுக்கக் கிடப்பார்கள். ஸ்வெட்டர், சாக்ஸ் போட்டு நாற்காலிக்கு மாற்றுங்கள். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில் 5 முறை எழுந்து உட்காரட்டும், நாளுக்கு 3 தடவை. கை ஊன்றாமல் எழ வந்தால் நாற்காலியைத் தாழ்த்தலாம். தொடை இடுக்கில் டயாலிசிஸ் குழாய் இருந்தால் டாக்டரைக் கேட்டபிறகே இடுப்பை மடக்குங்கள். பொட்டாசியம் ஏறி ஈசிஜி மாறியிருந்தால் அன்று பயிற்சி கிடையாது.

டயாலிசிஸ் முடிந்த கையோடு நடத்துவது

பிபி இறங்கியிருக்கும், விழுவார். முன்னாலேயே முடியுங்கள்.

படி ஏற்றிப் பார்க்காமல் அனுப்புவது

ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிப் படியில் அத்தனையும் ஏற்றி, இறக்கியும் பாருங்கள்.