ஜெர்மனியில் ஐசிஇ டிக்கெட்டை முன்கூட்டியே மலிவாக எடுப்பது எப்படி?

பெர்லினிலிருந்து மியூனிக்குக்கு வேகமான ஐசிஇ ரயிலில் சுமார் 4 மணி நேரம். இருக்கை ஒன்றுதான் என்றாலும், சில வாரங்கள் முன்பே எடுத்தவருக்கும் கிளம்பும் நாளன்று எடுத்தவருக்கும் விலை பல மடங்கு வேறுபடலாம். ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்சே பான் ஒவ்வொரு ரயிலிலும் மலிவு டிக்கெட்டை ஓரளவுக்குத்தான் விடுகிறது. அது தீரத் தீர விலை ஏறும். ஜெர்மனிக்குப் புதிதாக வந்த மாணவர்களையும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: கணக்கு

டாய்ச்சே பானின் 'டிபி நேவிகேட்டர்' செயலியை இறக்கிக் கணக்கு தொடங்குங்கள். செயலி ஆங்கிலத்திலும் உண்டு. மலிவு டிக்கெட் உங்கள் பெயருக்கு மட்டுமே செல்லும்; டிக்கெட் பரிசோதகர் அடையாள அட்டையும் கேட்கலாம். அதனால் இனிஷியலோடு நிறுத்தாமல், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே கொடுங்கள்.

படி 2: ஊரும் நிலையமும்

ஜெர்மனியில் பிராங்பர்ட் என்று இரண்டு ஊர்கள் உண்டு. விமான நிலையம் இருப்பது மைன் நதிக்கரை பிராங்பர்ட்டில். ஓடர் நதிக்கரை பிராங்பர்ட் போலந்து எல்லையில் இருக்கிறது. பட்டியலில் அடைப்புக்குறிக்குள் 'மைன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விமான நிலையத்திலும் இரண்டு ரயில் நிலையங்கள். ஐசிஇ நிற்பது 'ஃபெர்ன்பான்ஹோஃப்' எனப்படும் நெடுந்தூர நிலையத்தில்.

படி 3: மலிவான நேரம்

தேதியைக் கொடுத்ததும் 'பெஸ்ட்பிரைஸ்' வசதியைத் தட்டுங்கள். அந்த நாளின் ஒவ்வொரு நேரப் பகுதிக்கும் மிகக் குறைந்த விலை வரிசையாக வரும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் பெரும்பாலும் விலை அதிகம். செவ்வாய், புதன் நடுப்பகல் என்றால் நன்றாகக் குறையும்.

படி 4: ரயில் மாறும் இடைவெளி

இங்கேதான் நிதானம் வேண்டும். மலிவு டிக்கெட்டில், குறித்த ரயிலைத் தவிர வேறு ஐசிஇயில் ஏற முடியாது. இதற்கு 'சூக்பிண்டுங்' என்று பெயர். நடுவில் ரயில் மாற 8 நிமிடம் மட்டும் இருக்கும் இணைப்பையும் செயலி தயங்காமல் காட்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு நடைமேடையிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற அது போதாது. ஜெர்மனியில் ரயில்கள் தாமதமாவதும் சகஜம். தேடல் அமைப்பில் மாறும் நேரத்தை 20 அல்லது 30 நிமிடமாக வைத்துத் தேடுங்கள். நேரடி ரயில் இருந்தால் சில யூரோ கூடினாலும் அதையே எடுங்கள் என்பேன்.

படி 5: எந்த வகை?

டிக்கெட் வகைகளில் 'சூப்பர் ஸ்பார்பிரைஸ்'தான் மிக மலிவு. ஆனால் ரத்து செய்தால் ஒன்றும் கிடைக்காது. ஸ்பார்பிரைஸ் சற்றே அதிகம். பயண நாளுக்கு முன்பு ரத்து செய்தால் 10 யூரோ பிடித்துக்கொண்டு மீதியை வவுச்சராகத் தருவார்கள். ஃபிளெக்ஸ்பிரைஸில் அன்றைக்கு எந்த ரயிலிலும் போகலாம், விலையும் அதற்கேற்றபடி. தேதி உறுதி என்றால் முதலாவது. தேர்வு, விசா நேர்காணல் என்று தேதி மாற வாய்ப்பிருந்தால் இரண்டாவது. 27 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'யங்' என்ற பெயரில் தனிச் சலுகையும் உண்டு. வயதைச் சரியாகக் கொடுத்தால்தான் அது தெரியும்.

படி 6: இருக்கையும் பணமும்

இரண்டாம் வகுப்பு மலிவு டிக்கெட்டில் இருக்கை சேராது. முன்பதிவுக்குத் தனிக் கட்டணம். கூட்ட நாளில் அதைக் கட்டிவிடுங்கள், நின்றுகொண்டு போக நேராது. அடிக்கடி பயணம் செய்பவர் டாய்ச்சே பானின் தள்ளுபடி அட்டையான 'பான்கார்டு 25' வாங்கினால் மலிவு விலையிலும் 25 சதவீதம் குறையும். ஆனால் நீங்களாக ரத்து செய்யாவிட்டால் அட்டை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வாங்கிய அன்றே காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள்.

ரயில் தாமதமானால்?

போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், அல்லது இணைப்பு ரயில் தவறினால், சூக்பிண்டுங் விலகிவிடும். அடுத்த ஐசிஇயில் கூடுதல் பணம் கட்டாமல் ஏறலாம். புதிதாக வந்தவர்கள் இது தெரியாமல் பதறிப்போய் இன்னொரு டிக்கெட் வாங்குவதுண்டு. அது வேண்டாம். செயலியில் வரும் தாமத அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். 4 யூரோவுக்குக் குறைவான தொகை மட்டும் தரமாட்டார்கள். செயலியிலேயே அந்தப் பயணத்தைத் திறந்து விண்ணப்பிக்கலாம். 3 மாத அவகாசம் உண்டு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், வீடு சேர்ந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.