மூளை ஸ்கேனில் இடம் எது, வலம் எது? புதியவர்களுக்கான செய்முறை

திருவையாற்றுக் காவிரிப் பாலத்தில் நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். ஐயாறப்பர் கோயில் இருக்கும் கரை உங்கள் இடப்பக்கம். அப்படியே திரும்பித் தண்ணீர் வரும் திசையைப் பாருங்கள். அதே கரை வலப்பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் எப்படி நின்றாலும் அது வடகரைதான். தேவாரத் தலங்களை வடகரை, தென்கரை என்று பிரித்த நம் முன்னோர், பார்ப்பவரின் நிலையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

மூளைப் படங்களுக்கும் இந்தத் தெளிவு வேண்டும். படுத்திருப்பவரின் இடது மூளை என்பது வடகரை போல மாறாதது. திரையின் இடப்பக்கம் என்பது நீங்கள் பாலத்தில் நிற்கும் நிலை மட்டுமே.

கும்பகோணத்தில் முதுகலை மாணவி ஒருவர் பக்கவாத நோயாளிகளின் ஸ்கேன்களில் பாதிப்பைக் கையால் குறித்துக்கொண்டிருந்தார். பாதிக் கோப்புகளை ஒரு மென்பொருளிலும் மீதியை வேறொன்றிலும் திறந்திருக்கிறார். வலக்கை தளர்ந்த மூவருக்கு வலது மூளையில் பாதிப்பு என்று பட்டியலில் இருந்தது. பெருமூளையில் அடைப்பு என்றால் பொதுவாக எதிர்ப்பக்கக் கைதானே தளரும்? கேட்டபோது, “அக்கா, படத்தில் வலப்பக்கம்தானே தெரிகிறது?” என்றார். இரண்டு வார உழைப்பை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: மரபைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரேடியாலஜிக்கல் மரபில், படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல் படம் வரும். அவருடைய வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் விழும். அர்த்தநாரீசுவரர் சிலையின் முன் நிற்கும்போது அம்மையின் இடப்பாகம் நமக்கு வலப்புறம் தெரிவதும் இதே கணக்குதான். நியூராலஜிக்கல் மரபில் தலைமாட்டிலிருந்து பார்ப்பதுபோல் வரும். இடம் இடத்திலும் வலம் வலத்திலும் இருக்கும். மூளைப் படங்களைத் திறந்து பார்க்கும் எஃப்எஸ்எல்ஐஸ் (FSLeyes) மென்பொருள், அமைப்பை மாற்றாமல் விட்டால் முதல் மரபில் காட்டும். படங்களை ஆராயும் எஸ்பிஎம் (SPM) மென்பொருள் இரண்டாவதில் காட்டும். இரண்டில் எதுவும் தவறில்லை.

இரண்டாம் படி: எண்ணைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான பழக்கம், நிதானமாகச் செய்யுங்கள். எஃப்எஸ்எல்ஐஸில் கோப்பு மெனுவில் எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பொது மாதிரி மூளையை (standard) சேர்க்கும் வசதி உண்டு. அங்கே எம்என்ஐ 152 (MNI152) என்ற, 152 பேரின் மூளைப் படங்களைச் சராசரியாக்கிய மாதிரியின் 2 மில்லிமீட்டர் கோப்பைத் திறந்து, நெடுக்காக அல்லாமல் கிடையாக வெட்டிய படத்தில் திரையின் இடப்பக்கம் எங்காவது சொடுக்குங்கள். கீழே இரண்டு வகை எண்கள் தெரியும்: மில்லிமீட்டரில் ஒன்று, வாக்சல், அதாவது படத்தை ஆக்கும் சிறு கட்டங்களின் வரிசையில் ஒன்று.

மில்லிமீட்டரின் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். நிஃப்டி (NIfTI) என்ற மூளைப்படக் கோப்பு வடிவில் அது வலப்பக்கம் போகப் போகக் கூடும்; இந்த மாதிரி மூளையில் கூட்டல் என்றால் வலது மூளை, கழித்தல் என்றால் இடது மூளை. வாக்சல் எண்ணை நம்பாதீர்கள். இந்தக் கோப்பிலேயே வாக்சலின் முதல் எண் 20 என்றால் மில்லிமீட்டரில் 50, அதாவது வலம். 70 என்றால் மைனஸ் 50, அதாவது இடம். வாக்சல் எண் ஏற ஏற இடப்பக்கம் போகிறோம். வேறொரு கோப்பில் இது தலைகீழாக இருக்கலாம்.

இப்போது காட்சி அமைப்புகளில் ரேடியாலஜிக்கல் முறைக்கான தேர்வுப் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். படம் இடவலமாகப் புரளும். அதே புள்ளியைத் தேடிப் பிடியுங்கள், எண் மாறியிருக்காது. இதை நான்கைந்து முறை செய்தால் கை பழகிவிடும்.

மூன்றாம் படி: ஹெடரைப் பாருங்கள்

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? கோப்பின் ஹெடரில், அதாவது படத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் தலைப்பகுதியில், உள்ள க்யூஃபார்ம் (qform), எஸ்ஃபார்ம் (sform) என்ற இரண்டு பதிவுகளிலிருந்து. இரண்டின் குறியீடும் 0 என்றால் திசைத் தகவல் கிடையாது. திரையில் எல், ஆர் என்ற எழுத்துகள் தெரிந்தாலும் அவை வெறும் ஊகம். நிஃப்டிக்கு முந்தைய அனலைஸ் (Analyze) வடிவக் கோப்புகளில் இந்தச் சிக்கல் அதிகம். கூடியவரை ஸ்கேனர் தரும் மூல டைகாம் (DICOM) கோப்புகளுக்கே போய், டிசிஎம்2நிக்ஸ் (dcm2niix) என்ற கருவி கொண்டு நிஃப்டியாகப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: டைகாமில் முதல் அச்சு இடப்பக்கம் போகப் போகக் கூடும், நிஃப்டியில் வலப்பக்கம். மாற்றும் கருவி அதைக் கவனித்துக்கொள்ளும். படம் புரண்டு தெரிகிறதே என்று நீங்களாகப் புரட்டிச் சேமிக்காதீர்கள். அப்படிச் சேமித்த கோப்பைப் பிறகு யாராலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூளையின் இரு பாதிகளும் கண்ணுக்கு அவ்வளவு ஒத்திருக்கின்றன.

நான்காம் படி: வெளியிலிருந்து ஒரு சாட்சி

ஹெடரே தவறாக இருந்தால்? நீங்களே ஸ்கேன் எடுக்கும் வாய்ப்பு இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை வலது நெற்றிப்பொட்டில் டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே எண்ணெய் இருப்பதால் டி1 (T1) வகை எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நிஃப்டி முறையில் எண்களைக் காட்டும் எந்த மென்பொருளில் கோப்பைத் திறந்தாலும் அந்த வெண்புள்ளியின் முதல் எண் கூட்டலாகவே வர வேண்டும்.

பிறர் எடுத்த படங்களில் மாத்திரை இருக்காது. மூளை வேலை செய்வதைக் காட்டும் செயல்பாட்டு எம்ஆர்ஐ (fMRI) என்றால் வலக்கை விரல்களை அசைத்த பகுதியை எடுத்துப் பாருங்கள். இடது மூளையின் இயக்கப் பகுதி, அதாவது கழித்தல் பக்கம், துலங்க வேண்டும். பக்கவாதப் படம் என்றால் எந்தக் கை தளர்ந்தது என்ற குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். அந்த மாணவி இப்போது பட்டியலில் தளர்ந்த கைக்கென்று ஒரு தனி நெடுவரிசை வைத்திருக்கிறார். குறிப்பதற்கு முன்பே அதை நிரப்பிவிடுகிறார்.