வார நாட்களில் மரவேலை: வீட்டுப் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்த்து முடித்தால் பட்டறைக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். சில நாள் அதுவும் கிடைக்காது. பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களுக்கு நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடக்கப் பார்ப்பதால் வருகின்றன. மரம், பசை, எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. எந்த வேலையை எந்த இரவில் செய்வது என்பதை அந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

பசையையே எடுத்துக்கொள்வோம். சாதாரண வெள்ளைப் பசை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடும், ஆனால் முழு பலம் வர சுமார் 24 மணி நேரம் ஆகும். அதனால் பசை போடுவதை அன்றைய கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களை எடுத்துத் தயாராக வையுங்கள், அப்புறம் பசை போட்டு இறுக்கிவிட்டுத் தூங்கப் போகலாம். பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டினால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பசையிலுள்ள நீரைக் குடித்து இணைப்பை ஒட்டிய மரம் லேசாக உப்பியிருக்கும். மறுநாளே அவசரமாக இழைத்து மட்டம் செய்தால், ஈரம் போனபின் அந்த இடம் சுருங்கி ஒரு கோடாக உள்வாங்கிவிடும். வார்னிஷ் அடித்தபின் அது பளிச்சென்று தெரியும். சில நாள் விட்டுவிட்டு இழைப்பதே சரி.

என்னைக் கேட்டால், புதிதாக வருபவர்களை அதிகம் ஏமாற்றுவது மரத்தின் அசைவுதான். பச்சை மரம் முழுக்கக் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கலாம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருக்கம் ஏறக்குறைய அதில் பாதி, நீளவாக்கில் பெரும்பாலும் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. காய்ந்த பலகையும் ஈரக்காற்றில் விரிந்து, வறண்ட காற்றில் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். அகலமான மேசைப் பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் பசை போட்டு ஒட்டினாலோ, அசைய இடமில்லாமல் திருகாணிகளால் இறுக்கினாலோ, ஒரு பருவம் மாறும்போது அது பிளந்துவிடும். திருகாணித் துளைகளை அகலவாக்கில் நீட்டமாகப் போட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு நகரும். சனிக்கிழமை வாங்கிய பலகையை ஞாயிற்றுக்கிழமையே அறுத்துப் பொருத்துவதும் இதே வகைத் தவறு. பலகைகளுக்கு நடுவே சிறு குச்சிகள் வைத்து, ஓரிரு வாரம் பட்டறைக் காற்றுக்குப் பழகவிடுங்கள்.

அளவு நாடாவின் நுனிக் கொக்கி ஆடுகிறதே என்று அதைத் தட்டி இறுக்கிவிடுபவர்கள் உண்டு. அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கியின் தடிமன் அளவுக்கு அது நகர்வதால்தான் உள் அளவும் வெளி அளவும் சரியாக வருகின்றன.

களைத்துப்போன இரவுகளில் டேபிள் சாவை, அதாவது மேசையில் பொருத்திய மின் வட்ட ரம்பத்தை, தொடாதீர்கள். பிளேடுக்கும், மரத்தை அணைத்துத் தள்ளும் ஃபென்ஸ் என்ற பக்கச் சட்டத்துக்கும் இடையில் சிக்கிய மரம் ஒரு நொடியில் உங்களை நோக்கிப் பாயும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றக் கூடாது, பிளேடின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது, கையுறை போடக் கூடாது. பிளேடு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் இழைப்புளியும் உளியும் போதும். அல்லது அந்த நேரத்தை உளி தீட்டக் கொடுங்கள். மழுங்கிய உளியைப் பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும், அது வழுக்கினால் காயமும் ஆழமாகப் படும்.

இனி, எதை மறந்தாலும் மறக்கக் கூடாத ஒன்று. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டு வராதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் உலர்கிறது, அப்போது வெப்பம் உண்டாகிறது. கசங்கிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பொறி எதுவும் இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே மடிப்பில்லாமல் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தால் இதில் ஒரு இரவுகூடத் தவறக் கூடாது.

தூசியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. காலடியில் கிடக்கும் சுருள்களால் பயமில்லை. உப்புத்தாள் போட்டபின் காற்றில் மிதக்கும் நுண்தூசிதான் நுரையீரலுக்குள் போகிறது. தேய்த்து முடித்ததுமே முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். குழந்தையைத் தூக்கும் முன் சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்குள் தருகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கும்போது, பூச்சு காயும் நாட்களைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். எண்ணெய்ப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின்னும் முழுக்க இறுக வாரங்கள் ஆகும். தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குங்கள். பாதியில் நிற்கும் வேலை இருந்தால் புதியதைத் தொடாதீர்கள். கிளாம்பும் மேசையும் அதில் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஆபத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பட்டறைப் பக்கமே விடாமலிருப்பதும் தவறு என்பேன். எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, ஒரு மென்மரத் துண்டும் உப்புத்தாளும் கையில் கொடுங்கள். மர ரேகையின் போக்கில் தேய்த்தால் வழவழப்பதையும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழுவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். பொம்மை வண்டி செய்தால் 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சக்கரம் கழன்று வாய்க்குப் போகும் அளவில் இருக்கக் கூடாது. அச்சைப் பசை போட்டு இறுக்கி, மறுநாள் நீங்களே பலமாக இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.