ஸ்மார்ட் ஹோம் நாமளே செட் பண்றது: எங்க மாட்டும், எப்படி சமாளிக்கிறது (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

ஒரு ஸ்மார்ட் பல்பை வாங்கி ஆப்ல கனெக்ட் பண்றதுல பெருசா கஷ்டம் எதுவும் இல்ல. டிவைஸ் பத்து பதினஞ்சை தாண்டும்போதுதான் பிரச்சனை எல்லாம் வரிசையா வரும், ஒண்ணு ஆஃப்லைன்னு காட்டும், ஒண்ணு பட்டனை அழுத்தி நாலு செகண்ட் கழிச்சு எரியும், நெட் போன அன்னைக்கு பாதி வீடு வேலை செய்யாது. இதுல முக்கால்வாசி முதல்லயே கொஞ்சம் யோசிச்சு செஞ்சா வராது, அதுக்குத்தான் இந்த பதிவு.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரே ஒரு விதியை மனசுல வச்சுக்கோங்க: நெட் இல்லைன்னாலும், ஹப் (எல்லா டிவைஸையும் ஒண்ணா இணைச்சு நடத்துற பெட்டி) செத்துப்போனாலும், ஸ்மார்ட் ஹோம்னா என்னன்னே தெரியாதவங்க வந்து சுவிட்சை தட்டினாலும் லைட் எரியணும். கீழ சொல்றது எல்லாமே இதை வச்சுத்தான்.

படி 1: ரவுட்டரை முதல்ல சரி பண்ணுங்க

விலை கம்மியான வைஃபை ஸ்மார்ட் டிவைஸ்ல பெரும்பாலானது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் வேலை செய்யும். இப்போ வர்ற ரவுட்டர் 2.4, 5 ரெண்டையும் ஒரே பேர்ல காட்டும், போன் 5ல இருக்கும், புது பிளக்கை சேர்க்கப் போனா "டிவைஸ் கிடைக்கவில்லை"ன்னு சுத்திக்கிட்டே இருக்கும். 2.4க்கு தனியா ஒரு பேர் வச்சுருங்க, அதோட பாதி தலைவலி போயிரும். ரவுட்டரோட வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3ல மட்டும் இருந்தா பழைய டிவைஸ் உள்ளயே வராது, டபிள்யூபிஏ2 இல்ல ரெண்டும் கலந்த மோடு வைங்க.

அப்புறம் ஹப்புக்கும் முக்கியமான டிவைஸுக்கும் ரவுட்டர்லயே ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல அந்த டிவைஸோட முகவரி) மாறாத மாதிரி ரிசர்வ் பண்ணிருங்க. கரண்ட் போய் வந்தப்புறம் ஐபி மாறி, ஹப் பழைய அட்ரஸ்ல தேடிக்கிட்டு இருக்கிற தொல்லை இதால தீரும். வைஃபை சேனலையும் ஆட்டோல விடாதீங்க, 1, 6, 11 இதுல ஒண்ணை ஃபிக்ஸ் பண்ணுங்க, ஏன்னு படி 4ல வரும்.

படி 2: எந்த ரேடியோன்னு முடிவு பண்ணுங்க

வைஃபை, ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட் இது நாலும் டிவைஸ்கள் பேசிக்கிற வழி. மேட்டர்ங்கிறது தனி ரேடியோ இல்ல, வைஃபை, ஈத்தர்நெட், த்ரெட் மேல ஓடுற ஒரு பொது விதிமுறை, அதோட 1.0 பதிப்பு 2022 அக்டோபர்ல வந்துச்சு. பெட்டில மேட்டர் லோகோ இருக்குன்னு மட்டும் பார்த்து வாங்கிறாதீங்க, அது த்ரெட்ல ஓடுற டிவைஸா இருந்தா வீட்ல ஒரு த்ரெட் பார்டர் ரவுட்டர் (த்ரெட் டிவைஸை வீட்டு நெட்வொர்க்கோட இணைக்கிற டிவைஸ்) இருந்தே ஆகணும். கம்பெனியோட சொந்த ஆப்ல இருக்கிற எல்லா வசதியும் மேட்டர் வழியா வந்துரும்னும் எதிர்பார்க்காதீங்க.

இசட்-வேவ்ல இன்னொரு சிக்கல். நாட்டுக்கு நாடு அலைவரிசை வேற, ஐரோப்பால 868 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அமெரிக்கால 908 பக்கம், ஒரு அலைவரிசைக்கு வாங்கினது வேற அலைவரிசை ஹப்போட பேசவே பேசாது.

என்னோட கருத்து கேட்டா, பேட்டரில ஓடுற கதவு சென்சார், மோஷன் சென்சாருக்கெல்லாம் ஜிக்பீ, எப்பவும் கரண்ட்ல இருக்கிறதுக்கு வைஃபை இல்ல ஜிக்பீ. வைஃபை சென்சார் பேட்டரியை சீக்கிரம் காலி பண்ணிரும்.

படி 3: ஹப் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்

கம்பெனி கிளவுடை (நெட் வழியா போற அவங்க சர்வரை) மட்டும் நம்பி ஓடுற டிவைஸ், அந்த கம்பெனி இருக்கிற வரைக்கும்தான். ரிவால்வ்னு ஒரு ஹப் இருந்துச்சு, 2016 மே மாசம் அதோட சர்வரை நிறுத்தினாங்க, காசு குடுத்து வாங்கின ஹப் சும்மா பெட்டியா ஆகிருச்சு. 2022 ஏப்ரல்ல இன்ஸ்டியான் சர்வர் திடீர்னு நின்னுச்சு, அப்புறம் யூசர்களே சேர்ந்து வாங்கி திரும்ப கொண்டுவந்தாங்க. வாங்குறதுக்கு முன்னாடி "இது நெட் இல்லாம லோக்கலா ஓடுமா"ன்னு தேடிப் பாருங்க, பதில் தெளிவா கிடைக்கலைன்னா அதை விட்டுருங்க.

லோக்கல்னு வந்தா நிறைய பேர் போறது ஹோம் அசிஸ்டண்ட்தான், 2013ல பவுலஸ் ஸ்கவுட்சன் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல போடுறவங்க எஸ்டி கார்டுல நீண்ட நாள் ஓட்டாதீங்க, சென்சார் டேட்டா விடாம எழுதி எழுதி கார்டு தேஞ்சு ஒருநாள் பூட் ஆகாது, எஸ்எஸ்டி போடுங்க. பேக்கப்பை ஆட்டோமேட்டிக்கா எடுக்கிற மாதிரி வச்சு, அதோட ஒரு காப்பியை அந்த மெஷினுக்கு வெளியே வைங்க.

படி 4: ஜிக்பீ அடிக்கடி கட் ஆகுதா

புதுசா வர்றவங்க அதிகமா திட்டுறது இதைத்தான், ஆனா பெரும்பாலும் தப்பு டிவைஸ் மேல இருக்காது. ஜிக்பீ டாங்கிளை (ஹப்புக்கு ஜிக்பீ ரேடியோ குடுக்கிற யூஎஸ்பி குச்சி) நேரா யூஎஸ்பி 3 போர்ட்ல சொருகி வச்சிருப்பாங்க. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், ஜிக்பீயும் அதே இடத்துலதான் பேசுது, பக்கத்து ரூம் சென்சார் சொல்றது டாங்கிளுக்கு கேக்காது. ஒரு யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை ஹப்லருந்தும், எஸ்எஸ்டிலருந்தும், ரவுட்டர்லருந்தும் தள்ளி வைங்க. நம்பவே மாட்டீங்க, அவ்ளோ வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சேனல். வைஃபை 1, 6, 11 உக்காந்தது போக நடுவுல மிச்சம் இருக்கிற சந்துலதான் ஜிக்பீ சேனல் 15, 20, 25 வருது. உங்க வைஃபை 1ல இருந்தா ஜிக்பீயை 20 இல்ல 25ல வைங்க, 11ல இருந்தா 15 நல்லது. இதை டிவைஸ் சேர்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, பின்னாடி மாத்தினா சில டிவைஸை திரும்ப ஹப்போட இணைக்க வேண்டி வரும்.

மூணாவது மெஷ், அதாவது டிவைஸ்கள் ஒண்ணு மூலமா ஒண்ணு சிக்னலை கடத்துற வலை. எப்பவும் கரண்ட்ல இருக்கிற ஜிக்பீ டிவைஸ் பெரும்பாலும் சிக்னலை வாங்கி அடுத்ததுக்கு கடத்தும், பேட்டரி டிவைஸ் கடத்தாது. அதனால முதல்ல பிளக், ரிலே (சுவிட்சுக்கு பின்னாடி வைக்கிற சின்ன ஸ்மார்ட் டிவைஸ்) எல்லாம் ஹப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சு வெளியே போற மாதிரி சேருங்க, அப்புறமா சென்சாரை அது நிரந்தரமா இருக்கப்போற இடத்துலயே வச்சு ஹப்போட இணைங்க.

படி 5: பல்பா, சுவிட்சா

ஸ்மார்ட் பல்பு போட்டீங்கன்னா சுவர்ல இருக்கிற சுவிட்ச் எப்பவும் ஆன்லயே இருக்கணும். வீட்ல யாரோ பழக்கத்துல ஆஃப் பண்ணிட்டா பல்பு செத்துச்சு, ஆட்டோமேஷனும் செத்துச்சு, அது ஜிக்பீ பல்பா இருந்தா அது வழியா பேசிக்கிட்டிருந்த சென்சாரும் அம்போ. கலர் மாத்துறதுக்கு ஆசைப்படுற இடத்துக்கு மட்டும் பல்பு, மத்த எல்லாத்துக்கும் சுவிட்சுக்கு பின்னாடி வைக்கிற ரிலேதான் சரி. அதுல பழைய சுவிட்ச் அப்படியே வேலை செய்யும், யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேணாம்.

ஆனா ரிலே வைக்க சுவிட்ச் பாக்ஸை திறந்தாத்தான் உண்மை நிலவரம் தெரியும். மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சு கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு திறங்க. உள்ள ரெண்டே ரெண்டு வயர் இருக்கும் சில இடத்துல, ஒண்ணு ஃபேஸ் உள்ள வர்றது, இன்னொண்ணு லைட்டுக்கு போறது, நியூட்ரல் நேரா லைட் பாயிண்ட்டுக்கே போயிருக்கும். ரிலேக்கு உயிரோட இருக்க எப்பவும் கொஞ்சம் கரண்ட் வேணும், அதுக்கு நியூட்ரல் வேணும். நியூட்ரல் தேவையில்லைன்னு விக்கிற மாடல் இருக்கு, அது அந்த லைட் வழியாவே துளி கரண்ட்டை இழுத்து ஓடும், அதனால சின்ன எல்இடி பல்பு ராத்திரி மங்கலா எரியும் இல்ல கண் சிமிட்டும். அப்போ லைட்டுக்கு பேரலலா, அந்த ரிலே கம்பெனி சொல்ற பைபாஸ் கெப்பாசிட்டரை போட்டா பெரும்பாலும் நிக்கும்.

பக்கத்து பாக்ஸ்ல நியூட்ரல் இருக்கேன்னு அதை இழுத்து குடுத்துராதீங்க, அது வேற சர்க்யூட்டோட நியூட்ரலா இருந்தா ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகும், ஒரு சர்க்யூட்டை ஆஃப் பண்ணியும் அந்த வயர்ல கரண்ட் இருக்கும், ஆபத்து. ஃபேனுக்கு லைட் டிம்மர் வைக்காதீங்க, மோட்டார் உறுமும், சூடாகும். ரிலே மேல 10 ஆம்பியர்னு போட்டிருக்கிறது ஹீட்டர், குண்டு பல்பு மாதிரி லோடுக்கான கணக்கு, மோட்டார் பம்புக்கெல்லாம் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும், அதுக்கு நடுவுல கான்டாக்டர் (பெரிய லோடை தாங்குற சுவிட்ச்) வேணும். வயரிங் பழக்கம் இல்லைன்னா இந்த ஒரு படிக்கு மட்டும் எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க, கெஞ்சி கேட்டுக்கிறேன்.

படி 6: ஆட்டோமேஷன்

ஒரே நாள்ல இருபது எழுதாதீங்க. ஒண்ணு எழுதி ஒரு வாரம் ஓட விடுங்க. உதாரணத்துக்கு பாத்ரூம் லைட்: ஆள் அசைஞ்சா எரியணும், அசைவு இல்லாம மூணு நிமிஷம் ஆனா அணையணும். எழுதுறது சுலபம், ஆனா சாதாரண பிஐஆர் சென்சார் பார்க்கிறது சூடான ஒண்ணு நகர்றதைத்தான், அசையாம உக்காந்திருந்தா ஆள் இல்லைன்னு நினைச்சு இருட்டாக்கிரும். நேரத்தை கூட்டுங்க, இல்ல எம்எம்வேவ் சென்சார் (ரேடார் மாதிரி வேலை செய்றது) போடுங்க, அது மூச்சு விடுற அசைவைக்கூட பிடிக்கும், ஆனா ஃபேனையும் திரையையும் ஆள்னு நினைக்கும், அதை எந்த பக்கம் திருப்பி வைக்கிறோம்ங்கிறதுல இருக்கு விஷயம்.

ஒவ்வொரு பல்புலயும் ரிலேலயும் கரண்ட் வந்ததும் என்ன பண்ணணும்னு ஒரு செட்டிங் இருக்கான்னு பாருங்க, இருந்தா "முன்ன இருந்த நிலை"ன்னு வைங்க. இல்லைன்னா நடுராத்திரி கரண்ட் வரும்போது மொத்த வீடும் எரிஞ்சு எல்லாரும் எழுந்துருவாங்க. ரவுட்டரையும் ஹப்பையும் ஒரு சின்ன யூபிஎஸ்ல போட்டுருங்க.

படி 7: பூட்டு போடுங்க

2016ல மிராய்னு ஒரு மால்வேர், பாஸ்வேர்டு மாத்தாத கேமராவையும் ரவுட்டரையும் லட்சக்கணக்குல பிடிச்சு பெரிய பெரிய சைட்டையெல்லாம் படுக்க வச்சுச்சு. டிவைஸோட வர்ற பாஸ்வேர்டை முதல் நாளே மாத்துங்க, ரவுட்டர்ல யூபிஎன்பி (டிவைஸ் தானாவே ரவுட்டர்ல வெளி வழியை திறந்துக்கிற வசதி) ஆஃப், வெளியிலருந்து பார்க்கணும்னா ரவுட்டர்ல போர்ட் திறக்காம விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு பாதுகாப்பான தனி பாதை) வழியா வாங்க. கேமரா மாதிரி ஐட்டத்தை தனி நெட்வொர்க்ல வைக்கிறது நல்லது, ஆனா அப்படி பிரிச்சா போன் ஆப்புக்கு டிவைஸ் கண்ணுல படாம போகலாம். அதனால முதல்ல எல்லாம் ஒரே நெட்வொர்க்ல ஓடட்டும், பிரிக்கிறதை கடைசில வச்சுக்கோங்க.

படி 8: எழுதி வைங்க

எந்த ரிலே எந்த லைட்டுக்கு, என்ன ஐபி, எந்த ஜிக்பீ சேனல், ஹப்பை எப்படி ரீஸ்டார்ட் பண்றதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, வீட்ல இருக்கிற இன்னொருத்தருக்கு காட்டி வைங்க. டிவைஸ் பேரை "சுவிட்ச் 3"ன்னு விடாம "ஹால் ஜன்னல் லைட்"ன்னு வைங்க. மேட்டர் டிவைஸ்ல ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை சுவிட்ச் பாக்ஸ் உள்ள மாட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துருங்க, ரீசெட் பண்ணி திரும்ப சேர்க்கணும்னா அந்த கோடு இல்லாம முடியாது, ஸ்க்ரூவை எல்லாம் மறுபடி கழட்ட வேண்டி வரும்.