ஊசி போட்ட கையும் எங்கள் வீட்டுத் தைலப் புட்டியும்: கர்ப்பகாலத் தடுப்பூசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பிணி ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினால் எங்கள் வீட்டில் முதலில் திறப்பது தைலப் புட்டியைத்தான். முதல் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். கிளினிக்கில் அதை ஏ.டி.டி. என்பார்கள். கை கடுக்கிறது என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். மருந்து ஒரே இடத்தில் கட்டிக்கொள்ளும் என்று மாமியார் அரை மணி நேரம் அழுத்தித் தேய்த்தார். மறுநாள் கை இன்னும் வீங்கியது. "பார்த்தியா, ஊசி ஒத்துக்கலை" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஊசி ஒத்துக்கொண்டது. தேய்த்ததுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள். அப்புறம் தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் என்று பலருக்குக் கிளினிக் துணைக்குப் போனவள். மிசி என்று நாங்கள் அழைக்கும் தாதிகளிடமும் டாக்டர்களிடமும் கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஊசியால் வரும் தொல்லை கொஞ்சம், ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கவனிக்காமல் விடுவதால் வரும் தொல்லை அதிகம்.

எது வழக்கம் என்று முதலில் தெரிந்துகொள்வோம். குத்திய இடம் வலிக்கும், சிவக்கும், கொஞ்சம் தடிக்கும். கையைத் தூக்கித் துணி காயப்போடச் சிரமமாக இருக்கும். சிலருக்கு அசதி, தலைவலி, உடம்புவலி, லேசான காய்ச்சல் வரும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தொடங்கி, இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். குளிர்ந்த ஈரத்துணியை வைத்து ஒத்தி எடுக்கலாம். கையை மடக்கி வைத்துக்கொள்ளாமல் வழக்கம்போல வேலை செய்யலாம். தேய்க்க வேண்டாம். வலித் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. அது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். கர்ப்பிணி உடம்பில் அதை அள்ளிப் பூசுவது நல்லதல்ல.

தைலத்தைவிடப் பெரிய தவறு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டி முதுகு வலிக்கிற கணவருக்குக் கொடுத்த வலி மாத்திரை மிச்சம் இருக்கும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், இப்படி ஏதோ ஒன்று. "இதுவும் வலிக்குத்தானே" என்று அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வது. இந்த வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020இல் எச்சரித்தது. கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ வலியோ வந்தால் பாரசிட்டமால்தான், நாம் பனடோல் என்கிறோமே, அது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகாமல். அதற்காக, ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

எல்லாக் காய்ச்சலும் ஊசிக் காய்ச்சல் இல்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். என் இரண்டாவது பிள்ளைக்கு ஆறாம் மாதம். திங்கட்கிழமை ஊசி. புதன்கிழமை இரவு காய்ச்சல் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ அமுக்குவது போல வலி, இடுப்பெலும்பு முறிகிற மாதிரி குடைச்சல். "ஊசிக் காய்ச்சல், படுத்துக்கோ" என்றார்கள் வீட்டில். மறுநாள் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. திங்கட்கிழமை ஊசி என்று நான் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. நானும் எழுந்து சமைக்கப் போனேன். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். அப்போதுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிங்கி, அதாவது கொசு பரப்பும் டெங்குக் காய்ச்சல்.

டிங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. இறங்குகிற நேரத்தில்தான் வரும், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கு மேல். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, இவையெல்லாம் உடனே போக வேண்டிய அறிகுறிகள். கர்ப்பிணிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே கூடிவிடுவதால், ரத்தம் கெட்டியாகிறது என்ற அடையாளம் சோதனையில் தாமதமாகத்தான் தெரியும். டிங்கிக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அந்த மிச்ச மாத்திரையை இங்கேயும் தொடக்கூடாது.

நம் ஊரில் டிங்கிக்குப் பஞ்சமா? ரப்பர் மரத்தில் கவிழ்க்காமல் விட்ட, பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் நிற்கும். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கிடக்கிற டயரில் நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

அதனால் நான் வைத்துக்கொண்ட விதி இது: 38 பாகைக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, ஊசி போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு புதிதாகக் காய்ச்சல் தொடங்கினாலோ, டிங்கிக்கு ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று நாமே கேட்க வேண்டும். ரணஜன்னி ஊசிக்கு அனலாய்க் கொதிக்கிற காய்ச்சல் வருவதே அபூர்வம்.

காய்ச்சல் மட்டுமில்லை. ரத்தப்போக்கு, நீர் கசிவது, பார்வை மங்குவதோடு கடும் தலைவலி, பிள்ளை அசைவு குறைவது, இவை எதுவும் தடுப்பூசியின் பக்கவிளைவு இல்லை. அசைவுக்கு 12 மணி நேரத்தில் 10 என்று கிளினிக்கில் அட்டை கொடுத்து எண்ணச் சொல்வார்கள். ஊசி போட்ட மறுநாள் எண்ணிக்கை குறைந்தால் "மருந்து மயக்கம், பிள்ளை தூங்குது" என்று காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள்.

போட்டதும் கிளம்பிவிடுவது

கடுமையான ஒவ்வாமை சுமார் பத்து லட்சம் ஊசிக்கு ஒருவருக்கு வரலாம். வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல். கிளினிக்கில் அதற்கு மருந்து கையோடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இல்லை. கணவர் வெளியே ஹாரன் அடித்தாலும் 15 நிமிடமாவது, முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ ஒவ்வாமை வந்தவர் என்றால் அரை மணி நேரமாவது, உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அந்தப் பழைய ஒவ்வாமையைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம்.

மயக்கம் வேறு. சீனித் தண்ணீர் குடித்துச் செய்யும் சோதனைக்காக முதல்நாள் இரவிலிருந்து பட்டினி, காலையில் ரத்தம் எடுப்பு, இரண்டு மணி நேரம் காத்திருப்பு, கடைசியில் ஊசி. எழுந்ததும் தலை சுற்றுகிறது. பழி ஊசிக்கு. சோதனை முடிந்ததும் சாப்பிடப் பையில் இரண்டு இட்லி கட்டிக்கொண்டு போங்கள். மயக்கம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

தாய்வீடும் பிங்க் புத்தகமும்

நம் நாட்டில் முதல் கர்ப்பத்துக்கு ரணஜன்னி ஊசி இரண்டு. வழக்கமாக ஐந்தாம் மாதம் தாண்டி ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. அடுத்தடுத்த கர்ப்பங்களுக்குப் பெரும்பாலும் ஒன்று போதும். கிளினிக்கில் தாமதமாகப் பதிந்தவருக்கு இரண்டாவது ஊசி எங்கே போய் விழும் என்று நினைக்கிறீர்கள்? சரியாக வளைகாப்பில். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கட்டி, பெண்ணை ஜொகூருக்கோ கெடாவுக்கோ தாய்வீட்டுக்கு அனுப்பி வைப்போம். கர்ப்ப விவரமும் ஊசிக் கணக்கும் எழுதும் பிங்க் புத்தகம் இங்கே அலமாரியில் கிடக்கும். அங்குள்ள கிளினிக்கில் எத்தனை ஊசி ஆயிற்று என்று கேட்டால் "ஒண்ணோ ரெண்டோ" என்று பதில் வரும். கணக்குத் தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டால் கை முழங்கை வரை வீங்கலாம். போடாமல் விட்டால் பிள்ளைக்குக் காப்பு இல்லை.

பழைய கர்ப்பத்தின் புத்தகத்தையும் தூக்கிப் போடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இரண்டு ஊசிக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம், மூன்றுக்குக் குறைந்தது ஐந்து, நான்குக்குக் குறைந்தது பத்து வருடப் பாதுகாப்பு. முறையான இடைவெளியில் ஐந்து போட்டுவிட்டால் பிள்ளை பெறும் வயது முழுக்கக் காப்பு. எழுத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கே செல்லும். தனியார் கிளினிக்கில் காசு கட்டிப் போட்டதையும் அதே புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.

இந்த ஊசி எதற்கு என்று கேட்கிற பெண்களுக்கு நான் பாட்டி காலத்தைச் சொல்வேன். லயத்து அறையில் பிரசவம், கையில் கிடைத்த பிளேடால் தொப்புள்கொடி. கிருமி கொடி வழியாக ஏறினால் நன்றாகப் பால் குடித்த பிள்ளை ஒரு வாரத்தில் வாய் திறக்க முடியாமல் விறைத்துவிடும். பிறந்த பிள்ளைக்கு அந்த வேகத்தில் ஊசி போட்டுக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் தாய்க்குப் போட்டு, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு அனுப்புகிறார்கள்.

"முதல் பிள்ளைக்கே போட்டாச்சு" என்ற பேச்சு கக்குவான் இருமல் ஊசிக்கு அறவே செல்லாது. ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் சேர்ந்த டிடேப் ஊசியில் கக்குவானுக்கான எதிர்ப்புச் சக்தி தாயின் ரத்தத்தில் சீக்கிரமே குறைந்துவிடும். ஒவ்வொரு கர்ப்பத்திலும், 27இலிருந்து 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். சக்தி ஊறிப் பிள்ளைக்குப் போய்ச் சேரச் சுமார் இரண்டு வாரம் வேண்டும். பிரிட்டனில் 2012இல் கக்குவான் பரவிப் பச்சிளம் பிள்ளைகள் இறந்த பிறகுதான் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். போட்டுக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு நோய் தடுக்கப்பட்டது. டிடேப் போட்டால் ரணஜன்னிக் கணக்கிலும் அது சேரும். அதையும் மிசியிடம் சொல்லுங்கள்.

ஃபுளூ ஊசியைக் குளிர் நாட்டுக்காரர்களுக்கு என்று ஒதுக்குகிறோம். நமக்குக் குளிர்காலம் இல்லாததால் ஃபுளூ வருடம் முழுக்கச் சுற்றுகிறது. எந்த மாதத்திலும் போடலாம். செத்த கிருமியால் செய்தது. முட்டை ஒவ்வாமை இப்போது தடையில்லை.

உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியில் செய்த ஊசிகள் வேறு. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்தது), சின்னம்மை ஊசி இரண்டும் கர்ப்பத்தில் கூடாது. போட்டபின் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுவிட்டு, தெரிந்ததும் கருவைக் கலைக்க ஓடுவதுதான் இங்கே பெருந்தவறு. அதற்காகக் கலைக்கத் தேவையில்லை என்பதே மருத்துவர்களின் முடிவு. டாக்டரிடம் சொல்லிவிட்டு ஸ்கேன் பார்த்துக்கொண்டே போகலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியின் நடுவில் கரு தங்கினால் மிச்ச ஊசிகளைப் பிரசவத்துக்குப் பிறகு தொடரலாம்.

36 வாரம் தாண்டிவிட்டது, டிடேப் போடவில்லை என்றாலும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகுகூடப் போடலாம். நஞ்சுக்கொடி வழியே போகும் காப்பு அப்போது கிடைக்காது, ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் தொற்றுவது குறையும். பிள்ளைக்குக் கக்குவானுக்கான முதல் ஊசியே இரண்டாம் மாதத்தில்தான். அதுவரைக்கும், வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கிற தாத்தாவைத் தொட்டில் பக்கம் விடாமல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைக்கிற வேலை வீட்டில் யாராவது ஒருவர் தலையில் விழும். என் இரண்டாவது பிள்ளைக்கு அதைச் செய்தவர் மாமியார்தான், தைலப் புட்டியைத் தாத்தாவின் நெஞ்சுக்குக் கொடுத்துவிட்டு.