ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு ஏற்றும் முன் அந்த நாட்டு நிர்வாகத்தை எடைபோடுவது எப்படி

ஆப்பிரிக்க ஆர்டர் வந்தால் கோவை பம்ப் கம்பெனிகளும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் முதலில் பார்ட்டியைத்தான் விசாரிக்கின்றன. ஆள் எப்படி, கடை எத்தனை வருஷமாக ஓடுகிறது, முன்பு யாரிடம் சரக்கு எடுத்தார். கேட்க வேண்டியதுதான். ஆனால் பணம் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அவர் கல்லாவில் அல்ல, அவர் நாட்டு மத்திய வங்கியில். நைஜீரியப் பார்ட்டி என்றால் அந்த ஊர்ப் பணமான நைராவைக் கட்டியிருப்பார். வங்கியில் டாலர் இருக்காது.

எனவே முதலில் டாலர் விலையைப் பாருங்கள். மத்திய வங்கி இணையதளத்தில் போடும் விலை ஒன்று, பார்ட்டி சொல்லும் வெளிமார்க்கெட் விலை ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று வித்தியாசம் என்றால் பயமில்லை. முப்பது என்றால், மலிவு டாலர் யாருக்குப் போகும் என்பது ஓர் அதிகாரியின் கையெழுத்தில் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை வாங்கி டாலரை வெளியே விற்றாலே லாபம் என்கிற ஊரில் எவன் மில் கட்டுவான்? நாடு வளராமல் நிற்பதும் உங்கள் பில் நிற்பதும் ஒரே காரணத்தால்தான்.

2023 ஜூனில் நைஜீரியா பல விலைகளை ஒன்றாக்கும் முன் டாலர் சுமார் 460 நைரா. 2024 தொடக்கத்தில் 1,400-ஐத் தாண்டியது. எத்தியோப்பியா 2024 ஜூலை கடைசியில் தன் பணமான பிர்ரின் விலையைச் சந்தையிடம் விட்டது. 57 அளவில் இருந்த டாலர் சில வாரங்களில் 100-ஐக் கடந்தது. 90 நாள் கடனுக்கு மோட்டார் எடுத்தவர் பழைய விலைக்கு விற்றுவிட்டு, புது விலைக்கு டாலர் வாங்க வேண்டும். யோக்கியமான ஆளும் அங்கே கவிழ்ந்துவிடுவார்.

நைஜீரியாவுக்கு என்றால், சரக்கு ஏற்றும் முன் பார்ட்டி தன் வங்கி வழியாக ‘ஃபார்ம் எம்’ என்ற இறக்குமதிப் படிவத்தைப் போட்டிருக்க வேண்டும். அதன் நகலை வாங்கி ஒரே ஒரு வரியைப் பாருங்கள்: ‘வேலிட் ஃபார் ஃபாரெக்ஸ்’ (அந்நியச் செலாவணிக்குச் செல்லும்) என்றா, ‘நாட் வேலிட்’ என்றா? இரண்டாவது என்றால் வங்கியில் டாலர் கேட்க அவருக்கு வழியில்லை, வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு அட்வான்ஸ் வாங்காமல் சரக்கு ஏற்றாதீர்கள்.

எல்.சி., அதாவது சரக்கின் ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாகப் பார்ட்டியின் வங்கி தரும் உறுதிக் கடிதம், வந்தால் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். எல்.சி. வரும் வங்கிச் செய்தியான எம்.டி. 700-ல் 49-ஆம் கட்டத்தில் ‘வித்தவுட்’ என்று இருந்தால், வேறு வங்கியை உறுதி சேர்க்கச் சொல்லவில்லை என்று பொருள். அந்த ஊர் வங்கியின் வாக்கு மட்டுமே உங்களுக்கு. ‘கன்ஃபர்ம்’ என்று மாற்றச் சொல்லி, வெளிநாட்டுப் பெரிய வங்கியின் உறுதியைச் சேர்த்து வாங்குங்கள். அதற்கான கமிஷனை விலையிலேயே ஏற்றிவிடலாம். 31டி கட்டத்தில் காலாவதி இடம் அவர்கள் ஊராக இருந்தால், ஆவணங்கள் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்; கூரியர் தாமதமும் உங்கள் தலையில்.

செனகல், ஐவரி கோஸ்ட் பக்கம் கதை வேறு. மேற்கில் 8 நாடுகளுக்கு செனகலின் டக்காரில் ஒரே மத்திய வங்கி, அவர்களின் பொதுப் பணமான சி.எஃப்.ஏ. ஃபிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டப்பட்டிருக்கிறது. 1994-இல் அதன் மதிப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். ஒஹாடா என்ற பொது வணிகச் சட்டம் 17 நாடுகளுக்கு உண்டு, மேல்முறையீடு ஐவரி கோஸ்டின் அபிஜானில். ஒப்பந்தத்தைப் பிரெஞ்சிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கேயே ஷெட் போடும் எண்ணம் இருந்தால், விதி எத்தனை காலம் நிற்கும் என்பதுதான் கேள்வி. எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பேட்டையில் ஷெட், ஆள் எல்லாம் இருந்தன. அந்நாட்டின் வடக்கே நடந்த திக்ராய் போரைக் காட்டி 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா, ஆப்பிரிக்கச் சரக்குக்குத் தரும் ‘அகோவா’ வரிச்சலுகையை எத்தியோப்பியாவுக்கு நிறுத்தியதும் கணக்கே மாறிப்போனது. போட்ஸ்வானாவைப் பாருங்கள்: 1966-இல் பரம ஏழை நாடு. கனிம உரிமை இனக்குழுக்களுக்கு அல்ல, அரசுக்கே என்று 1967-இல் சட்டம். ஒராபா வைரம் இருந்ததோ அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழு நிலத்தில். வந்த பணம் ரோட்டுக்கும் பள்ளிக்கும் போனது, மீதி சேமிப்புக்கு. வைர விலை சரிந்து இப்போது அந்த நாட்டுக்கும் நெருக்கடிதான்; ஆனாலும் பதிவான லீஸ் ராத்திரியோடு ராத்திரியாகச் செல்லாமல் போகுமோ என்ற பயம் குறைவு.

ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு தரும் நம் அரசு காப்பீட்டு நிறுவனம் இ.சி.ஜி.சி., நாடுகளை அபாயத்தைப் பொறுத்து ஏ1 முதல் டி வரை பிரித்திருக்கிறது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள நாடு என்றால் முன்கூட்டியே தனி அனுமதி தேவை. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய பிறகு விண்ணப்பித்தால் கவர் (காப்பீடு) கிடைக்காது. பார்ட்டிக்கு புரோஃபார்மா (முன்விலைப் பில்) அனுப்பும் அன்றே விண்ணப்பம் போடுங்கள்.