மின்சாரம் போனாலும் கோப்பு நிலைக்க: ரைட் முதல் எஃப்சிங்க் வரை

எங்கள் தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை ஒரு சென்சார் அளக்கிறது. அதை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையோடு இணைத்து, நிமிடத்துக்கு ஒரு வரி பதிவாகும்படி நிரல் எழுதியிருந்தேன். மோட்டார் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்ற அளவுகள் தனியாக ஒரு சின்ன அமைப்புக் கோப்பில். ஒரு மழை இரவில் மின்சாரம் போய் வந்தது. காலையில் பார்த்தால் பதிவுக் கோப்பில் கடைசி ஐந்து மணி நேரத்தைக் காணோம். அமைப்புக் கோப்பு பூஜ்ஜியம் பைட். பிழைச் செய்தி எதுவும் வந்திருக்கவில்லை.

கோப்பில் எழுது என்று நிரல் சொன்ன பிறகும் எழுத்து நேராக மெமரி கார்டுக்குப் போவதில்லை. முதலில் நிரலின் சொந்த பஃபரில், அதாவது எழுத்தைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவகத்தில், தங்குகிறது. அங்கிருந்து இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்துக்குப் போகிறது. அதன் பிறகுதான் கார்டு. எந்தக் கட்டளை எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு நகர்த்துகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குக் கோளாறு பிடிபட்டது. நீங்களும் பார்த்துக்கொண்டே வாருங்கள். லினக்ஸும் பைத்தான் 3-உம் இருந்தால் போதும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: ஸ்ட்ரேஸ் வழியாகப் பாருங்கள்

நிரல் இயங்குதளத்திடம் கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் கருவி ஸ்ட்ரேஸ். கோப்புச் சிக்கல் என்றால் நிரலின் பிழை தேடும் டிபக்கரைத் தொடவே வேண்டாம், நேராக இதற்கு வாருங்கள் என்பேன். மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை மூலம் நிறுவிக்கொள்ளலாம்.

மூன்று வரியில் ஒரு நிரல் எழுதுங்கள். ஒரு கோப்பை 'டபிள்யூ' என்ற எழுதும் முறையில் திறக்க வேண்டும், 'தமிழ்' என்ற சொல்லையும் வரிமுறிவையும் எழுத வேண்டும், மூட வேண்டும். அதை ஸ்ட்ரேஸின் கீழ் ஓட்டுங்கள். 'மைனஸ் இ' தெரிவில் ஃபைல், டெஸ்க் என்ற இரு தொகுதிகளையும் கொடுத்தால் கோப்பு தொடர்பான அழைப்புகள் மட்டும் வரும். 'மைனஸ் ஓ' கொடுத்து வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். பைத்தான் தொடங்கும்போதே ஏகப்பட்ட கோப்புகளைத் திறக்கும் என்பதால் மேலே இருப்பதை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போங்கள்.

அங்கே ஓப்பன்அட் என்று ஒரு வரி இருக்கும். அது திருப்பித் தரும் எண் பெரும்பாலும் 3. உள்ளீடு, வெளியீடு, பிழை மூன்றுக்கும் 0, 1, 2 ஏற்கெனவே போய்விட்டதால் அடுத்த காலி எண் இது. இனி அந்தக் கோப்புக்குக் கெர்னலிடம் பெயர் கிடையாது, 3 என்றால்தான் அதற்குத் தெரியும். அதே வரியில் ஓ_ட்ரங்க் என்ற கொடியையும் பாருங்கள். பழைய உள்ளடக்கத்தை அந்த நொடியே வெட்டிவிடு என்று பொருள். நீங்கள் ஓர் எழுத்துகூட எழுதவில்லை, ஆனால் பழையது போய்விட்டது. இதை நினைவில் வையுங்கள்.

அடுத்து ரைட் அழைப்பு. தமிழ் எழுத்துகள் தெரியாது. 340, 256, 244 என்று எட்டடிமான எண்களாக வரும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 'த'. எழுத்தைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், ஆக 15 பைட், வரிமுறிவோடு 16. வரியின் கடைசியில் சமக்குறிக்குப் பின்னால் 16 என்று இருக்கிறதா பாருங்கள். அதுதான் கெர்னலின் பதில்: 16 பைட்டை வாங்கிக்கொண்டேன். கார்டில் சேர்த்துவிட்டேன் என்று அது சொல்லவில்லை.

ஸ்ட்ரேஸ் இயல்பாக 32 பைட்டோடு சரத்தை வெட்டிவிடும். தமிழில் பத்துக் குறியீடுகூடத் தாண்டாது. 'மைனஸ் எஸ் 200' என்று சேர்த்தால் முழு வரியும் தெரியும்.

படி 2: பஃபரில் என்ன தங்குகிறது

இப்போது நிரலை மாற்றி, சுழற்சிக்குள் ஆயிரம் வரி எழுதச் சொல்லுங்கள். ஆயிரம் ரைட் அழைப்புகள் வருமா? வராது, சிலவே வரும். ஒவ்வொரு அழைப்புக்கும் கெர்னலுக்குள் போய் வருவது செலவு என்பதால் பைத்தான் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுக்கிறது. என் பலகையில் இருக்கும் பதிப்பில் சுமார் 8 ஆயிரம் பைட் சேரும்வரை அது அசையாது. உங்கள் பதிப்பில் வேறாக இருக்கலாம்.

என் பதிவில் ஒரு வரி 22 பைட். 8192-ஐ 22-ஆல் வகுத்தால் 372 வரி. நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல்! காணாமல் போன ஐந்து மணி நேரம் கெர்னல்வரைகூடப் போகவில்லை, என் நிரலின் நினைவகத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அமைப்புக் கோப்பின் கதையும் இதுவே. அன்று மாலை மோட்டார் அளவை மாற்றியிருந்தேன். நிரல் கோப்பைத் திறந்தது, ஓ_ட்ரங்க் பழையதை வெட்டியது, புதிய அளவு பஃபருக்குள் போனது. எழுதிய பிறகு கோப்பை மூடாமல் விட்டிருந்தேன். அன்றிரவு முழுக்கக் கார்டில் அது காலிக் கோப்பு.

படி 3: ஃப்ளஷ், பிறகு எஃப்சிங்க்

இந்தப் படியில்தான் எனக்கு இரண்டு நாள் போனது. தேடியதில் எஃப்சிங்க் என்ற அழைப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கோப்பைச் சாதனத்தில் சேர்த்த பிறகுதான் அது திரும்பும். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரி. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஓஎஸ் தொகுதியின் எஃப்சிங்க்கைக் கூப்பிட்டேன். பலகையின் வயரைப் பிடுங்கிச் சோதித்தால் மறுபடியும் வரிகள் இல்லை. கார்டுதான் கெட்டுவிட்டதென்று புதுக் கார்டு வாங்கினேன். அதிலும் அதே கதை.

ஸ்ட்ரேஸில் பார்த்ததும் விளங்கிவிட்டது. எஃப்சிங்க், எஃப்சிங்க், எஃப்சிங்க் என்று வரிசையாக வருகிறது. எல்லாமே 0 என்று வெற்றியைத் தருகிறது. நடுவில் ஒரு ரைட்கூட இல்லை. கெர்னலிடம் போய்ச் சேராத எழுத்தை எஃப்சிங்க் எப்படிக் கார்டில் சேர்க்கும்? தன்னிடம் இருப்பதை அது ஒழுங்காகச் சேர்த்தது, அதனிடம் எதுவும் இல்லை. எனவே முதலில் பஃபரில் இருப்பதைக் கெர்னலுக்குத் தள்ளும் ஃப்ளஷ், அதன் பிறகு எஃப்சிங்க். பைத்தான் ஆவணமும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. மாற்றிவிட்டு ஸ்ட்ரேஸில் பாருங்கள்: ரைட், உடனே எஃப்சிங்க், அடுத்த ரைட், உடனே எஃப்சிங்க்.

ஃப்ளஷ் மட்டும் போதாதா? நிரல் மட்டும் செத்தால் ஃப்ளஷே போதும். கில் மைனஸ் 9 கொடுத்துக் கொன்றாலும், ரைட் முடிந்திருந்தால் எழுத்து கெர்னலிடம் பத்திரமாக இருக்கும். இயந்திரமே செத்தால் போதாது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் கெர்னலிடம் இருக்கும் எழுத்தைக் கவனிக்கும் வேலை 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை (நினைவகத் துண்டுகளை) சாதனத்துக்கு அனுப்புகிறது. ப்ராக் அடைவில் இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பில் 'டர்ட்டி' என்ற வரியைப் பாருங்கள், இன்னும் சாதனத்தில் சேராத அளவு அது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது அந்த எண் ஏறி, பிறகு இறங்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் இழப்புதான்.

ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் போட வேண்டாம் என்பது என் கருத்து. மெமரி கார்டு தேயும், வேகமும் குறையும். பதிவுக் கோப்புக்கு ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ், பத்து நிமிடத்துக்கு ஒரு எஃப்சிங்க் வைத்திருக்கிறேன். பத்து நிமிட நீர்மட்டம் போனால் பயிர் வாடாது. அமைப்புக் கோப்பு அப்படியல்ல.

படி 4: பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள்

அதே அடைவில் வேறு பெயரில் தற்காலிகக் கோப்பு ஒன்றைத் திறந்து புதிய அளவுகளை எழுதுங்கள். ஃப்ளஷ், எஃப்சிங்க், மூடல். பிறகு ஓஎஸ் தொகுதியின் ரிப்ளேஸ் மூலம் அதற்குப் பழைய பெயரைக் கொடுங்கள். ஸ்ட்ரேஸில் இது ரீநேம் என்றோ ரீநேம்அட் என்றோ தெரியும். பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. அந்தப் பெயரில் பழைய கோப்பு முழுதாக இருக்கும், இல்லையேல் புதியது முழுதாக இருக்கும். கடைசியாக அடைவையும் படிக்க மட்டும் திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க் கொடுங்கள். பெயர் எழுதப்பட்டிருப்பது அடைவில்தானே.

தற்காலிகக் கோப்பை டெம்ப் அடைவில் வைக்காதீர்கள். அது வேறு கோப்பு அமைப்பாக இருந்தால் பிழை எண் 18 வந்து ரீநேம் மறுக்கப்படும்.

2009-இல் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு பரவத் தொடங்கியபோது, கணினி திடீரென்று நின்றால் அமைப்புக் கோப்புகள் பூஜ்ஜியம் பைட்டாவதாகப் பலர் முறையிட்டார்கள். எஃப்சிங்க் இல்லாமல் எழுதும் நிரல்களின் தவறு அது என்று ஈஎக்ஸ்டி4-ஐப் பராமரித்த தியடோர் ட்சோ விளக்கினார். ஆனாலும் லினக்ஸ் 2.6.30-இல் வெட்டி எழுதுவது, ரீநேம் இரண்டுக்கும் தற்காப்பு சேர்ந்தது. அந்தத் தற்காப்பை நம்பி நிரல் எழுதாதீர்கள். என்னைப்போல் கோப்பை மூடாமல் விட்டால் அதுவும் காப்பாற்றாது.

படி 5: பிழையை வரவழைத்துப் பாருங்கள்

டெவ் அடைவில் 'ஃபுல்' என்று ஒரு பொய்ச் சாதனம் இருக்கிறது. அதில் எழுதினால் எப்போதும் இடமில்லை என்ற பிழை, எண் 28, வரும். உங்கள் நிரலை அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரியில் பிழை வராது. ஃப்ளஷ் அல்லது மூடல் வரியில்தான் வரும். எழுதும் வரியை மட்டும் ட்ரை, எக்செப்ட் போட்டுக் காத்தால் பிழை நழுவிவிடும்.

எஃப்சிங்க்கே பிழை தந்தால் மறுபடி கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் கண்டது இது: ஒருமுறை தோற்ற பிறகு கெர்னல் அந்தப் பக்கங்களை எழுதி முடித்தவையாகக் குறித்துவிடலாம், அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லும், எழுத்தோ போயிருக்கும். அதன்பின் வந்த போஸ்ட்கிரெஸ் பதிப்புகளில் இப்படி நேர்ந்தால் சர்வர் தன்னையே நிறுத்திக்கொண்டு, தன் மாற்றங்களைக் குறித்துவைத்த பதிவேட்டிலிருந்து மீள்கிறது. உங்கள் நிரலும் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். நிறையப் பதிவுகள், அடிக்கடி திருத்தம் என்றால் இதையெல்லாம் கையால் செய்யாதீர்கள், எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: டெர்மினலில் பிரின்ட் உடனே வருகிறது, கோப்புக்குத் திருப்பிவிட்டால் வருவதில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டெர்மினல் என்றால் வரிக்கு வரி வெளியேறும். கோப்பு, பைப் (இன்னொரு நிரலுக்குத் திருப்புவது) என்றால் பஃபர் நிரம்பிய பிறகுதான். பைத்தானை 'மைனஸ் யூ' சேர்த்து ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: படி 4-ஐச் செய்த ஒருவருக்கு வெப் சர்வர் அந்தக் கோப்பைப் படிக்க மறுத்துவிட்டது. டெம்ப்ஃபைல் தொகுதியின் எம்கேஎஸ்டெம்ப் உருவாக்கும் கோப்புக்கு அனுமதி 600, உரிமையாளருக்கு மட்டும். சாதாரண ஓப்பன் கேட்பது 666, கொடுக்கக் கூடாத அனுமதிகளைக் குறிக்கும் யூமாஸ்க் 022 கழித்து 644 கிடைக்கும். ரிப்ளேஸுக்கு முன்பே பழைய கோப்பின் அனுமதியைப் புதியதற்கும் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: மேக்கில் எஃப்சிங்க், சாதனத்தின் உள் நினைவகம்வரைதான் உறுதி தருகிறது. அங்கே எஃப்சிஎன்டிஎல் வழியாக எஃப்_ஃபுல்எஃப்சிங்க் கேட்க வேண்டும்.